விருந்தினனும் நடுவுநிலைமையும்

ஒடுக்கப்பட்ட மனிதன் ஒருவன், தன்னை மனிதனாக மதியாத தாய்நாட்டை விட்டு வெளியேறுகிறான். வேறொரு நாடு அவனுக்கு இடமளிக்கிறது. அவனுடைய எழுத்தைப் போற்றுகிறது. விரும்பிய வீதியில் நடக்கவும், விரும்பிய உணவுச்சாலையில் உட்காரவும் விடுகிறது. ஆனால், அவன் எந்தக் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்தானோ அதே கொடுமைக்கு அந்த நாடு வேறொரு மக்கட் கூட்டத்தை உட்படுத்திக்கொண்டிருக்கிறது. அவன் என்ன செய்ய வேண்டும்? வாய் திறவாதிருப்பதை விலையாகக் கொடுத்துப் பெறுகின்ற சுதந்திரம் சுதந்திரந்தானா?

இது வெறுங் கற்பனைக் கேள்வியன்று. இரண்டாவது உலக யுத்தத்தின் பின்னர் பாரிஸ் நகரிற் குடியேறிய அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளரும் கலைஞரும் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு வாழ்ந்தனர். சிலர் அதனை நேர்நின்று எதிர்கொண்டனர். பலர் கண்டும் காணாதவர்போல் இருந்தனர். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நமது நோக்கமன்று. அவர்களுடைய அனுபவத்திலிருந்து அறத்தைப் பற்றிய ஓர் உண்மையைத் தெளிந்துகொள்ள முடியுமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

முதலில், அவர்கள் ஏன் பாரிசைத் தேடிச் சென்றனர் என்பதை உணர்தல் வேண்டும். றிச்சர்ட் றைற் 1908 இல் மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது, அவருடைய சிறிய தாயாரின் கணவர், நன்றாக நடந்த தமது வியாபாரத்தின்மீது பொறாமைகொண்ட வெள்ளையராற் கொல்லப்பட்டார். குடும்பம் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடியது. பிணத்தைக் காணவோ, நீதி கேட்கவோ இடமிருக்கவில்லை. 1940 இல் ‘மண்ணின் மைந்தன்’ என்னும் நாவலாலும், 1945 இல் ‘கறுப்புச் சிறுவன்’ என்னும் சுயசரிதையாலும் உலகப் புகழ் எய்திய பின்னரும், நியூயோர்க் நகரில் அவர் விரும்பிய வீட்டை விரும்பியபடி வாங்கி வாழ முடியவில்லை. 1946 இற் பிரெஞ்சு அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் அவர் முதன்முறை பாரிசுக்குச் சென்றார்; மறு ஆண்டில் மனைவியோடும் மகளோடும் அங்கே குடியேறினார். அந்நகரின் ஒரு வீதிக் கட்டடத் தொகுதிக்குள் இருக்கும் சுதந்திரம் அமெரிக்கா முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினும் கிடைக்காது என்னும் கருத்துப்பட அவர் எழுதினார்.

அந்த மகிழ்ச்சியை நாம் இலேசாக எடைபோடலாகாது. ஒரு கடையினுள் நுழையும்போது, ‘இங்கே எனக்கு இடமுண்டா?’ என்று ஒவ்வொரு முறையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய நிலையில் வாழ்ந்தவனுக்கு, அந்தக் கேள்வி எழாத ஒரு நாள் எவ்வளவு பெரியது என்பதை நமது நாட்டிலும் கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் அறிவர். ஜேம்ஸ் போல்ட்வின் 1948 நவம்பரில் நாற்பது டொலர் அளவிலான பணத்தோடு பாரிசில் வந்திறங்கினார். ஓவியர் போபர்ட் டிலேனியும், நாவலாசிரியர் செஸ்ரர் ஹைம்சும் 1953 இல் வந்தனர். லுக்சம்பூர்க் பூங்காவுக்கு அருகேயுள்ள துர்னோன் என்னும் கோப்பிக்கடை இவர்கள் கூடுமிடமாயிற்று. நிறத்தைப் பற்றிய நினைவின்றி எழுதவும் விவாதிக்கவும் சிரிக்கவும் அங்கே அவர்களால் முடிந்தது.

ஆயினும், இந்த வரவேற்பின் இயல்பைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் அவசியம். அமெரிக்கக் கறுப்பினத்தவனிடம் பிரான்சுக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு எதுவுமில்லை. அவனுடைய நிலத்தை அது பறிக்கவில்லை. அவனுடைய உழைப்பை அது மலிவாக வாங்கவில்லை. அவனை உபசரிப்பதனால் அதற்கு நட்டமில்லை. அமெரிக்காவைக் காட்டிலும் தான் நாகரிகத்தில் உயர்ந்தது என்று காட்டிக்கொள்ளும் இலாபம் உண்டு. ஆனால், 1830 இல் பிரெஞ்சுப் படைகள் புகுந்த அல்ஜீரியாவின் கதை வேறு. அந்நாட்டின் நல்ல நிலங்கள் குடியேறிய ஐரோப்பியரின் கைக்கு மாறின. நிலமிழந்த விவசாயி கப்பலேறிப் பிரான்சுக்கு வந்து, பாரிசின் புறத்தே மோட்டார்த் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைத்தான். நொந்தேர் போன்ற இடங்களிற் தகரக் குடிசைகளில் வாழ்ந்தான். சட்டப்படி அவன் பிரெஞ்சுப் பிரசை. ஆயினும் வீதியிற் பொலிசார் அவனைத்தான் மறித்தனர். அவனைத்தான் ‘நீ’ என்று ஒருமையில் விளித்தனர். அந்நியனான கறுப்பு அமெரிக்கனோ தனது கடவுச்சீட்டைக் காட்டியதும் மரியாதையோடு அனுப்பப்பட்டான். 1954 நவம்பர் முதலாந் திகதி அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியதும் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையடைந்தது.

போல்ட்வினுக்கு இதன் சாயல் முன்னரே தெரிந்திருந்தது. 1949 டிசம்பரில், ஓர் அறிமுகமான அமெரிக்கர் வேறொரு ஹோட்டலிலிருந்து எடுத்து வந்த படுக்கைவிரிப்பு அவருடைய அறையிற் கண்டெடுக்கப்பட்டதனால், அவர் கைதுசெய்யப்பட்டு எட்டு நாள்கள் சிறைவாசம் அனுபவித்தார். நீதிமன்றத்தில் அந்த விரிப்பின் கதை சொல்லப்பட்டபோது கூடியிருந்தோர் சிரித்தனர். வாழ்வின் உண்மையான துயரத்திலிருந்து தாங்கள் பாதுகாப்பான தூரத்தில் இருப்பதாக எண்ணுவோரின் சிரிப்பு அது என்பதை அவர் உணர்ந்தார். அதே சிரிப்பைத் தமது தாய்நாட்டிலும் அவர் கேட்டிருந்தார். வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆனால், அதே நீதிமன்றங்களில் நின்ற வட ஆபிரிக்க ஏழைகளின் வழக்குகள் அவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை. பல ஆண்டுகளின் பின்னர், 1972 இல் வெளியிட்ட நூலொன்றில், பாரிசில் அல்ஜீரியர் நடத்தப்பட்ட விதத்தைத் திரும்பிப் பார்த்து அவர் எழுதினார். அங்கே அவர்களுக்கும் தமக்குமிடையே இருந்த வேறுபாடு தமது அமெரிக்கப் பிரசாவுரிமையே என்பதை அவர் மறைக்கவில்லை.

1956 செப்டெம்பர் 19 முதல் 22 வரை சோர்போன் பல்கலைக்கழகத்திற் கறுப்பின எழுத்தாளர், கலைஞர்களின் முதலாவது சர்வதேச மகாநாடு நடைபெற்றது. செனகல் நாட்டவரான அலியூன் தியோப் 1947 இல் நிறுவிய ‘பிரெசான்ஸ் அப்ரிக்கேன்’ என்னும் சஞ்சிகையே அதனைக் கூட்டியது. எமே செசேர், லெயோபோல்ட் செங்கோர், ஃபிரான்ற்ஸ் ஃபனோன் முதலியோர் பங்குபற்றினர். றைற்றும் அதன் ஏற்பாட்டாளர்களுள் ஒருவர். முந்திய ஆண்டு நடந்த பாண்டுங் மகாநாட்டை நினைவுகூர்ந்த தியோப், வெள்ளையரல்லாத மக்களின் மனச்சாட்சிக்கு அதனையடுத்த பெருநிகழ்ச்சி இதுவே என்றார். முதிய அறிஞர் டூ போய்ஸ் வரவில்லை. அவருக்கு அமெரிக்க அரசாங்கம் கடவுச்சீட்டு மறுத்திருந்தது. அன்றைய நிலையில் வெளிநாடு செல்லும் அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒன்றில் இனப்பிரச்சினையைப் பற்றிப் பேசாதிருக்க வேண்டும், அல்லது அரசாங்கம் விரும்புவதையே பேச வேண்டும் என்ற பொருளில் அவர் அனுப்பிய செய்தி சபையில் வாசிக்கப்பட்டபோது, அமெரிக்காவிலிருந்து வந்த பிரதிநிதிகள் முகம் சுளித்தனர். கறுப்பினத்தார் அனைவரையும் இணைப்பது குடியேற்ற நிலைமையே எனவும், அமெரிக்கக் கறுப்பினத்தாரின் நிலையையும் அதன் வெளிச்சத்திலேயே விளங்க வேண்டும் எனவும் செசேர் வாதிட்டபோதும் அவர்கள் சங்கடப்பட்டனர். தங்கள் துயரம் தங்கள் நாட்டுக்குரிய தனித்துயரம் என்று கருதிவிட்டால், பாரிஸ் அவர்களுக்கு இளைப்பாறும் இடம். அது உலகளாவிய ஓர் அமைப்பின் பகுதி என்று ஒப்புக்கொண்டால், பாரிசும் அந்த அமைப்பின் தலைநகரங்களுள் ஒன்றாகிவிடும். சங்கடத்தின் வேர் இங்கேதான் இருந்தது.

இனி, மௌனத்தின் காரணத்துக்கு வருவோம். அந்நிய நாட்டவர் உள்நாட்டு அரசியலில் தலையிட்டால் நாடுகடத்தப்படலாம் என்னும் அச்சம் வெறும் பிரமையன்று. 1957 இல், கேலிச்சித்திரக்காரரான ஒலி ஹறிங்டனின் கையொப்பத்தோடு, பிரான்சின் அல்ஜீரியக் கொள்கையைக் கண்டிக்கும் கடிதமொன்று அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. ஹறிங்டன் அதனை எழுதவில்லை. துர்னோன் வட்டத்தைச் சேர்ந்த இன்னொருவரே அவர் பெயரில் எழுதியிருந்தார் என்பது பின்னர் வெளியாயிற்று. இந்தச் சம்பவத்தின் விபரீதத்தைக் கவனியுங்கள். அக்கடிதத்தின் கண்டனம் நியாயமானது. ஆயினும், ஒரு மனிதனைத் தொலைக்க வேண்டுமானால், நியாயமான ஒரு சொல்லை அவன் சொன்னதாகக் காட்டினாற் போதும் என்ற நிலை அங்கே இருந்தது. சுதந்திர நகரம் எனப்பட்ட இடத்தில் உண்மையே ஆயுதமாக, அதுவும் தோழனுக்கு எதிரான ஆயுதமாகப் பயன்படக்கூடியதாயிற்று.

றைற்றை எடுத்துக்கொள்வோம். அவர் ஆசிய ஆபிரிக்க விடுதலையைப் பற்றி மௌனஞ் சாதித்தவரல்லர். விடுதலையை எதிர்நோக்கிய கோல்ட் கோஸ்டுக்குச் சென்று 1954 இல் நூலெழுதினார். 1955 ஏப்ரிலில் பாண்டுங் மகாநாட்டுக்கு நேரிற் சென்றார். இருபத்தொன்பது நாடுகள் கூடிய அம்மகாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அதைப் பற்றிய அவருடைய நூல் 1956 இல் வெளிவந்தது. எனினும், தாம் வாழ்ந்த நாடு நடத்திய போரைப் பற்றி அவர் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. தூரத்து நெருப்பைப் பற்றி எழுத முடிந்தவருக்கு, அடுத்த வீட்டு நெருப்பைப் பற்றி எழுத முடியவில்லை. பாண்டுங் பயணத்துக்குப் பணம் உதவிய கலாசாரச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ் என்னும் ஸ்தாபனம், அமெரிக்க உளவுத்துறையின் பணத்தில் இயங்கியது என்பது அவர் இறந்து பல ஆண்டுகளின் பின்னர், 1967 இல் அம்பலமாயிற்று. சோர்போன் மகாநாட்டைப் பற்றிய போல்ட்வினின் கட்டுரையை வெளியிட்ட ‘என்கவுண்டர்’ சஞ்சிகையும் அதே பணத்தில் வளர்ந்ததுதான். அமெரிக்கப் பொலிசாரின் கண்காணிப்பு றைற்றைப் பாரிசிலும் தொடர்ந்தது. 1959 இல் இங்கிலாந்தில் குடியேற முயன்றார், அனுமதி கிடைக்கவில்லை. 1960 நவம்பர் 28 ஆந் திகதி, ஐம்பத்திரண்டாவது வயதில், பாரிசிற் காலமானார்.

இவரைக் கோழை என்று கூற எவருக்கு உரிமையுண்டு? எரியும் வீட்டிலிருந்து குழந்தையோடு ஓடிவந்தவன், தனக்குத் திண்ணை கொடுத்த வீட்டுக்காரனோடு முதல் நாளே வழக்காடவில்லையென்று அவனை ஏசுவது, ஒருபோதும் வீடெரியாதவர்களின் வேலை. உயிரையும் குடும்பத்தையும் காப்பதற்காக வாய்மூடியிருத்தல் குற்றமன்று. இதுவரை நாம் உடன்படலாம்.

ஆனால், இத்தகைய மௌனத்துக்கு மற்றொரு நியாயமும் கற்பிக்கப்படுவதுண்டு. ‘இந்நாடு எனக்கு நன்மை செய்தது, இதனைக் குறைகூறுதல் நன்றி கொல்லுதல்’ என்பதே அது. அச்சத்தினால் எழும் மௌனம் தன்னை மௌனம் என்று அறியும். அதற்காக வருந்தவும் செய்யும். நன்றியின் பெயரால் எழும் மௌனமோ தன்னையே அறம் என்று எண்ணிக்கொள்ளும். ஆகவே இதுவே ஆபத்தானது.

இவ்விடத்திற் திருக்குறளின் அதிகார வைப்பு நமக்குத் துணைசெய்கிறது. ‘செய்ந்நன்றி அறிதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்து வருவது ‘நடுவு நிலைமை’. இவ்வைப்புக்குப் பரிமேலழகர் கூறும் காரணம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. நமக்கு நன்றி செய்தவரிடத்தில், அந்த நன்றியை நினைக்கும்போது நடுவுநிலைமை சிதையக்கூடும். அங்கேயும் அது சிதையலாகாது என்பதற்காகவே அவ்வதிகாரம் பின்னே வைக்கப்பட்டது என்கிறார் அவர். நன்றியை மறக்கச் சொல்லும் அறமன்று இது. நன்றியையும் நீதியையும் ஒருங்கே சுமக்கச் சொல்லும் அறம். பகைவனிடத்தில் நடுவுநிலையாக இருப்பது கடினமென்று நாம் நினைக்கிறோம். உண்மையில், சோறிட்டவனிடத்திற் நடுவுநிலையாக இருப்பதே அதனினும் கடினம்.

மேலும், நன்றி யாருக்குரியது என்பதையும் கேட்க வேண்டும். ‘பிரான்ஸ்’ என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்ட நாடு அந்நாளில் இரண்டாகப் பிளந்து நின்றது. அல்ஜியர்ஸ் நகரிற் கைதிகளைச் சித்திரவதை செய்தது ஒரு பிரான்ஸ். அச்சித்திரவதையைத் தன் உடலில் அனுபவித்து, 1958 இல் நூலாக எழுதி வெளியிட்ட ஹென்றி அலெக்கும், 1960 செப்டெம்பரில் அப்போரிற் படைசேர மறுப்பவர்களை ஆதரித்துக் கையொப்பமிட்ட 121 அறிஞர்களும் மற்றொரு பிரான்ஸ். அலெக்கின் நூல் தடைசெய்யப்பட்டது. கையொப்பமிட்டோருட் சிலர் தொழிலிலிருந்து இடைநிறுத்தப்பட்டனர். றைற்றின் நூல்களை வரவேற்றவர்களும் அவரோடு அளவளாவியவர்களும் பெரும்பாலும் இந்த இரண்டாவது பிரான்சைச் சேர்ந்தவர்களே. அப்படியாயின், நன்றிக்காக மௌனமாயிருந்தவர்கள் எந்தப் பிரான்சுக்கு நன்றி செலுத்தினர்? தங்களுக்குத் தோழமை காட்டியவர்களைத் தனியே விட்டு, அத்தோழர்களைத் தண்டித்தவர்களுக்கன்றோ அம்மௌனம் உதவிற்று! விருந்தினன் தனக்கு விருந்திட்ட மக்களையும், அந்த மக்களை ஆளும் அதிகாரத்தையும் வேறுபிரித்தறியாவிடின், நன்றி என்னும் நற்குணமே அதிகாரத்தின் கையாளாகிவிடும்.

கேள்வியின் கோரமான முகம் 1961 அக்டோபர் 17 ஆந் திகதி வெளிப்பட்டது. பாரிஸ் பொலிஸ் அதிபதியான மோரிஸ் பப்போன், அல்ஜீரியர் இரவில் வெளியே நடமாடலாகாது என விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து, ஆயிரக்கணக்கான அல்ஜீரிய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஆயுதமின்றி ஊர்வலமாக வந்தனர். பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். பிணங்கள் செய்ன் நதியில் எறியப்பட்டன. இறந்தோர் மூவரே என்றது அரசாங்கக் கணக்கு. நூற்றுக்கு மேல், இருநூறுவரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் சிலரின் மதிப்பீடு. இந்தப் பப்போன், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்திற் போர்தோ நகரிலிருந்து யூதர்களை நாடுகடத்தியதற்கு உடந்தையாயிருந்தவர் என 1998 இற் தண்டிக்கப்பட்டவர். ஒரு கொடுமைக்குப் பழகிய கை, நிறத்தையும் மதத்தையும் மாற்றி மற்றொரு கொடுமையைச் செய்யத் தயங்குவதில்லை.

அந்த இரவை இலக்கியமாக்கிய முதல் நாவல்களுள் ஒன்றை எழுதியவர் ஓர் அமெரிக்கக் கறுப்பினத்தவரே. பிலடெல்பியாவிற் பிறந்த வில்லியம் கார்ட்னர் சிமித் 1951 முதல் பாரிசில் வாழ்ந்தார். பிரெஞ்சுச் செய்தி நிறுவனமொன்றிற் பணியாற்றினார். 1963 இல் வெளிவந்த அவருடைய ‘கல் முகம்’ என்னும் நாவலின் நாயகன் சிமியோன், இனவெறியரின் தாக்குதலில் ஒரு கண்ணை இழந்தவன். பாரிசில் அவன் நிம்மதி காண்கிறான். ஒரு நாள் அல்ஜீரியர் சிலர் அவனை ‘வெள்ளைக்காரன்’ என்று கேலியாக அழைக்கின்றனர். அந்த ஒரு சொல் அவனுடைய நிம்மதியைக் குலைத்துவிடுகிறது. வெள்ளை என்பது தோலின் நிறம் என்று எண்ணியிருந்தவன், அது சமுதாயத்தில் ஒருவன் நிற்கும் இடத்தின் பெயர் என்று கண்டுகொள்கிறான். தன்னைத் துரத்திய அந்தக் கல் முகத்தை, தன்னை உபசரித்த நகரத்தின் பொலிசாரிடமும் காண்கிறான். நாவலின் முடிவில், அமெரிக்காவில் நடக்கும் போராட்டத்திற் சேர்ந்துகொள்ளத் திரும்பிச்செல்லத் தீர்மானிக்கிறான். இந்நாவல் பிரெஞ்சு மொழியில் வெளிவர 2021 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விருந்தினன் பேசிய பின்னரும், வீட்டுக்காரன் கேட்பதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன!

சிமித்தின் வழியே ஒரே வழி என்று நாம் கூறவில்லை. போல்ட்வின் 1957 இற் தாய்நாடு திரும்பித் தென்மாநிலங்களின் உரிமைப் போராட்டத்தைக் கண்டு எழுதினார். பின்னர் பிரான்சிலும் வாழ்ந்தார். மார்த்தினிக் தீவிற் பிறந்த ஃபனோன், தாம் வைத்தியராகப் பணியாற்றிய அல்ஜீரிய வைத்தியசாலைப் பதவியைத் துறந்து, விடுதலை இயக்கத்தோடு தம்மை இணைத்துக்கொண்டார். எல்லோரும் ஃபனோன் ஆக முடியாது. ஆனால், ‘நான் பெற்ற விடுதலை எல்லோருக்கும் உரிய விடுதலையா, எனக்கு மட்டும் அளிக்கப்பட்ட சலுகையா?’ என்று கேட்டுக்கொள்ள எவராலும் முடியும். சலுகை அளித்தவனால் மீளப்பெறக்கூடியது. அளித்தவனுக்கு நன்றியாக வாய்மூடியிருக்கும்வரையே அது நிலைக்கும். உரிமை என்பது அடுத்தவனுக்கு மறுக்கப்படும்போது நமக்கும் குறைவது.

இக்கேள்வி நமக்குப் புறம்பானதன்று. 1983 க்குப் பின்னர் நமது நாட்டிலிருந்து அகதிகளாகச் சென்ற ஆயிரமாயிரம் தமிழர் அதே பாரிசிற் குடியேறினர். அவர்களுள் எழுத்தாளர்கள் தோன்றினர். சிறு சஞ்சிகைகள் பிறந்தன. அங்கே உணவுச்சாலைகளின் பின்கட்டில் அவர்களோடு சேர்ந்து பாத்திரம் கழுவியவர்களுள் அல்ஜீரியனும் மாலி நாட்டவனும் இருந்தனர். வதிவிடப் பத்திரம் கிடைத்தவன், கிடைக்காதவனை எப்படிப் பார்க்கிறான்? தன் இனத்தின் துயரைச் சொல்ல உலகத்தின் கதவுகளைத் தட்டுகிறவன், அடுத்த அறையிலிருந்து வரும் அழுகுரலுக்குத் தன் கதவைத் திறக்கிறானா? புலம்பெயர்ந்த இலக்கியத்தின் தரத்தை அளக்கும் கோல்களுள் இதுவும் ஒன்றாக வேண்டும்.

2001 இல், அல்ஜீரியர் கொல்லப்பட்ட அந்த இரவின் நினைவாக, செய்ன் நதியின் சென் மிஷேல் பாலத்தருகே ஒரு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. துர்னோன் கோப்பிக்கடையிலிருந்து அப்பாலத்துக்கு நடந்தே செல்லலாம், வெகுதூரமில்லை. அந்தக் குறுகிய தூரத்தை நடக்கத் துணிந்தவர் சிலர், துணியாதவர் பலர். திண்ணை தந்தவனுக்கு நன்றி சொல்வோம். ஆனால், அவன் வீட்டினுள்ளே ஒருவன் அடிபடும்போது, அந்த நன்றியைக் காதில் அடைக்கும் பஞ்சாக்கிக்கொள்ளாதிருப்போம்.